பலகையும் சக்கர நாற்காலியும்: சோழ நாட்டில் நான்கு நாள், கடற்கரையில் ஒரு மாலை

பிப்ரவரி 20, 2025, வியாழன்: சென்னையிலிருந்து கும்பகோணம்

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். காரின் டிக்கியில் கழற்றிய இரண்டு பெரிய சக்கரங்கள், அவற்றின் கீழே ஒரு பலகை, பின்சீட்டில் மடித்த நாற்காலி, முன்சீட்டில் நான். ஓட்டுவது அவர், என் கணவர். எனக்குக் காரில் போவது மிகவும் பிடிக்கும். அங்கே அவர் என் பக்கத்தில் இருக்கிறார். திரும்பினால் முகம் தெரிகிறது. நாற்காலிக்கு மாறிவிட்டால், தரை சரியில்லாத இடங்களில் எல்லாம் தள்ளுவதற்காக அவர் பின்னால் போய்விட வேண்டும். பேசுவார், சிரிப்பார், ஆனால் தலைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும்தான் வரும். முதுகுத் தண்டில் அடிபட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மற்றதெல்லாம் ஓரளவு பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை.

பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டு ஓரத்திலும் சக்கரம் நழுவாமலிருக்கச் சட்டம் அடித்த ப்ளைவுட். எங்கள் தெருத் தச்சர் செய்து கொடுத்தது. சாய்தளத்துக்குச் சொல்லப்படும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அரை அடி உயரப் படி என்றால் ஆறடி நீளச் சரிவு வேண்டும். எங்கள் மூன்றடிப் பலகை முறைப்படி மூன்று அங்குல உயரத்துக்குத்தான் சரி. அதற்கு மேல் போனால் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ள வேண்டும், நான் முன்னால் குனிந்து பாரத்தைச் சமன்செய்ய வேண்டும்.

காலையிலிருந்து நான்கு மடக்குத் தண்ணீர்தான் குடித்திருந்தேன். இது தவறு என்று எனக்குத் தெரியும். என்னைப் போன்றவர்கள் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொற்று வரும். ஆனால் கழிப்பறை எங்கே கிடைக்கும் என்று தெரியாத நாளில் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. விழுப்புரத்தைத் தாண்டி ஒரு பெரிய உணவகத்தில் நிறுத்தினோம். கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலிப் படம் பளிச்சென்று இருந்தது, கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் போயிருக்கிறாராம். ஒரு பையன் ஓடிப்போய் வேறு சாவி கொண்டு வந்து திறந்தான். உள்ளே துடைப்பங்கள், தண்ணீர் கேன்கள், உடைந்த நாற்காலிகள். அந்தப் பையனின் முகம் வாடிப்போயிற்று. “இப்போதே காலி செய்துவிடுகிறேன் அக்கா” என்றான். இருபது நிமிடம் காத்திருக்க என்னால் முடியாது. காரின் பின்சீட்டில், ஜன்னல்களில் போர்வை மாட்டி, அவர் வெளியே காவல் நிற்க, வேலையை முடித்தேன். இட்லிக்குக் காத்திருந்த நேரத்தில் அந்தப் பையன் கேன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அடுத்து யாராவது வருவார்கள், அவர்களுக்கு அது திறந்திருக்கும்.

சேத்தியாத்தோப்பைத் தாண்டியதும் நெல் அறுவடை முடிந்த வயல்கள். சாலையோரம் தார்ப்பாயில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினால் வைக்கோல் வாசனை. கங்கைகொண்ட சோழபுரம் வழியிலேயே வருகிறது. ஆனால் உச்சி வெயில், எனக்கும் முதுகு கடுகடுத்தது. திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அணைக்கரைப் பாலத்தைக் கடந்து கும்பகோணத்துக்கு வந்துவிட்டோம்.

விடுதியில்தான் இன்றைய பெரிய ஏமாற்றம். முன்பதிவு செய்யும்போது “சக்கர நாற்காலி வசதி உண்டா?” என்று இரண்டு முறை கேட்டிருந்தேன். உண்டு என்றார்கள். வந்து பார்த்தால், உண்மையிலேயே அவர்களிடம் ஒரு சக்கர நாற்காலி இருக்கிறது. நான்கு படிகளுக்கு மேலே, வரவேற்பறையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். “நாலு பேர் தூக்கினால் ஆயிற்று, கவலைப்படாதீர்கள் அம்மா” என்றார் மேலாளர். நல்ல மனிதர், குரலில் அன்பு இருந்தது. நாலு பேர் வந்தார்கள், தூக்கினார்கள். அறைக்குள் போனால் குளியலறைக் கதவு இருபத்து நான்கு அங்குலம், என் நாற்காலி இருபத்தைந்து. ஓர் அங்குலம்! பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதற்கு மாறி, அவர் அதை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு நாள் வாடகை 2,600 ரூபாய்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களைச் சீர்செய்ய, அதன் விதிகள் வந்த 2017-லிருந்து ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் 2022-லேயே முடிந்துவிட்டது. ஒரு தனியார் விடுதியின் குளியலறைக் கதவோடு இதைச் சேர்த்துப் பேசுவது முறையா என்று அவர் கேட்டார். முறைதான் என்று நான் நினைக்கிறேன். கதவை வைக்கும்போது ஒரு சாண் கூட்டி வைக்கப் பெரிய செலவு ஆகிவிடாது. வைக்கிற கொத்தனாருக்கு அதை யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி: தாராசுரம்

காலையில் கும்பகோணம் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த, சோம்பு மணக்கும் குழம்பு. இட்லியை அதில் முக்கியெடுத்துச் சாப்பிட வேண்டும். கடையின் வாசல் தெருவோடு சமமாக இருந்ததால் நானே சக்கரத்தை உருட்டி உள்ளே போனேன். பரிமாற வந்தவர் அவரைப் பார்த்து, “அம்மாவுக்கு என்ன வேண்டும் சார்?” என்று கேட்டார். அவர் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அடுத்த முறை, சட்னி கொண்டு வந்தபோது, அந்தப் பரிமாறுபவர் என்னைப் பார்த்தே கேட்டார். சிலருக்கு ஒரு முறை காட்டினால் போதும்.

காபி வந்ததும் டபராவை அவர் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். எனக்கு இடுப்புக்குக் கீழே சூடு தெரியாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மடியில் சிந்திய காபி தொடையைப் பொசுக்கியது இரவு உடை மாற்றும்போதுதான் தெரிந்தது. அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. அதிலிருந்து, நுரை அடங்கும் வரை டபரா அவர் பக்கம்தான். கும்பகோணத்து டிகிரி காபியைக் கொஞ்சம் ஆறிய பிறகுதான் குடித்தேன். அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு காபி ஐம்பது ரூபாய்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பியது. சுற்றியுள்ள நிலத்தைவிடக் கோயில் தாழ்ந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதாவது, இறங்க வேண்டும். பலகை எதற்கும் பயன்படவில்லை. எங்கிருந்தோ ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் உதவ ஆசை, யாருக்கும் எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. ஒருவர் பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க, அது கழன்று அவர் கையோடு போயிற்று. அது கழலும் வகையில்தான் செய்திருக்கிறார்கள். கால்வைக்கும் தட்டும் அப்படித்தான். நாற்காலியைத் தூக்குகிறவர்கள் பின்னால் தள்ளும் பிடியையும், முன்னால் சட்டத்தின் குழாயையும் மட்டுமே பிடிக்க வேண்டும். முதலில் பிரேக் போட வேண்டும். ஒருவர் மட்டும் “ஒன்று, இரண்டு, மூன்று” சொல்ல வேண்டும். இதை நான் சொல்லச் சொல்ல, கூட்டத்தில் ஒரு பெரியவர் “பயப்படாதே பாப்பா” என்று என்னைச் சமாதானப்படுத்தினார். எனக்கு வயது நாற்பத்து மூன்று, நான் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். ஆனால் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் சொல்ல முடியாது.

தூக்குகிறவர்களின் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் நான் அந்த மண்டபத்தைப் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் நான்கு பேர் தூக்கி இறக்கிய இடத்தில், மீண்டும் நான்கு பேர் வரும் வரை இருக்க வேண்டும். சலித்துவிட்டால் கிளம்ப முடியாது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்றால், “தம்பிகள் காத்திருக்கிறார்களே” என்ற கூச்சம் வரும். நானும் இன்று அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன். மனம் அங்கேயே நின்றது.

அந்த அரை மணி நேரம் முழுவதும் தேர் வடிவ மண்டபத்தின் முன்னால்தான் இருந்தேன். பாயும் கல் குதிரை, கல் சக்கரம். சக்கரத்தின் ஆரங்களை அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். தூண்களில் விரல் அளவு சிற்பங்கள். நின்று பார்ப்பவர்கள் குனிந்து பார்க்க வேண்டியவை என் கண்ணுக்கு நேராக இருந்தன. அதை அவரிடம் சொன்னபோது, அவரும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். இருவரும் ஒரே உயரத்திலிருந்து பார்த்தோம்.

இரவு வேறு விடுதிக்கு மாறினோம். 3,400 ரூபாய். வாசலில் சரியான சாய்தளம், அகலக் கதவு, கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தேன்.

பிப்ரவரி 22, சனி: தஞ்சாவூர்

ஆறே முக்காலுக்கே பெரிய கோயில் வாசலில் இருந்தோம். கல் சூடேறும் முன் முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். செருப்பைக் கழற்றலாம், சக்கரத்தைக் கழற்ற முடியாது. தெருவில் உருண்ட சக்கரத்தோடு உள்ளே போவது எனக்கே உறுத்தும். பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, பூக்கூடையை மூடியிருந்த ஈரத்துணியை எடுத்து நீட்டினார். “துடைத்துவிட்டால் போகிறது கண்ணு. சாமி என்ன சொல்லப்போகிறது?” என் கணவர் இரண்டு சக்கரங்களையும் துடைத்தார். நான் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். அறுபது ரூபாய். துணிக்குப் பாட்டி ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

கேரளாந்தகன் வாயில், இராசராசன் வாயில் இரண்டையும் பலகையும் ஒரு காவலரின் கையும் சேர்ந்து தாண்ட வைத்தன. அதன் பிறகு அந்த முற்றம். காலை வெளிச்சத்தில் 216 அடி விமானம். 1010-இல் முடிந்த கோயிலின் மிகப் பெரிய அழகு வெளியே நின்று பார்ப்பதற்கானது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. அதற்கு யாரும் ஏற வேண்டாம், அண்ணாந்தால் போதும்.

கருவறைக்குப் படிகள் உயரமானவை. மூன்று கல்லூரி மாணவர்கள் வந்து தூக்கிப்போவதாகச் சொன்னார்கள். நேற்றைய நினைவில் வேண்டாம் என்றேன். அவர் தானும் போகவில்லை என்றார். “என்னங்க, நீங்கள் போய் வாருங்கள். எனக்குக் கல்வெட்டு இருக்கிறது” என்று அனுப்பிவைத்தேன். அது சமாதானத்துக்குச் சொன்னதில்லை. இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வெட்டு எழுத்து படித்து வருகிறேன். விமானத்தின் அடித்தளம் முழுவதும் எழுத்து. தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் குந்தவை கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன மன்னனின் கோயில் இது. நானூறு ஆடல் பெண்களின் பெயரும், அவர்கள் குடியிருந்த வீடும்கூட இங்கே பதிவாகியிருக்கின்றன. சக்கரத்தைக் கையால் உருட்டிக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டே போனேன். ‘குடுத்த’ என்ற சொல் பிடிபட்டபோது கையெல்லாம் சிலிர்த்தது. திருநீற்றோடு திரும்பி வந்த அவர் என்னைத் தேடி விமானத்தைப் பாதி சுற்ற வேண்டியிருந்தது. நானாகப் போன இடத்தில் என்னை ஒருவர் தேடுவது எத்தனை நாளைக்குப் பிறகு!

பத்தரைக்குக் கல் கொதிக்க ஆரம்பித்தது. அவர் நிழலுக்கு நிழல் தாவினார். நாற்காலியின் கால்தட்டு உலோகம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்து, கடைசியில் தன் துண்டை நனைத்து என் பாதங்களுக்கு அடியில் மடித்து வைத்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு, ஒரு பழைய வீட்டில் நடக்கும் மெஸ். வாசலில் உயரமான திண்ணை, ஐந்து படி. பலகையைப் பார்த்தாலே தெரிந்தது, ஆகாது. திரும்பிவிடலாம் என்று இருந்தபோது, வீட்டு அம்மாள் வெளியே வந்து ஒரு நிமிடம் யோசித்தார். “கொல்லைப் பக்கம் படியே கிடையாதே. அந்தக் காலத்தில் நெல் வண்டி வந்த வழி” என்றார். பக்கத்துச் சந்தில் சுற்றிப்போனோம். வாழைமரம், கிணற்றடி, துவைக்கும் கல், பிறகு சமையலறை. என்னை யாரும் தூக்கவில்லை. அடுப்புக்குச் சற்றுத் தள்ளி மேசை போட்டு, அதன் உயரம் என் நாற்காலிக்கு ஒத்து வருகிறதா என்று அந்த அம்மாளே என் முழங்கால் அருகே கையை வைத்துப் பார்த்தார். இலையில் மோர்க்குழம்பு, வாழைப்பூ வடை, அவரைக்காய்ப் பொரியல், கெட்டித் தயிர். வடை சட்டியிலிருந்து நேராக இலைக்கு வந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தச் சூடு கிடைத்திருக்காது. சாப்பாடு 130 ரூபாய். இந்தப் பயணத்தில் மறக்க முடியாத உணவு இதுதான். புறப்படும்போது, “முன்வாசலுக்கும் ஏதாவது செய்ய வேண்டும்” என்று தன் மகனிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

மாலையில் திருவையாறு போய் அசோகா என்னும் பாசிப்பருப்பு அல்வா வாங்கினோம். காவிரிப் படித்துறை எனக்கு இல்லை. பாலத்தில் காரை ஓரங்கட்டி, இலையில் மடித்த அசோகாவைக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம், பக்கத்தில் பக்கத்தில்.

பிப்ரவரி 23, ஞாயிறு: கங்கைகொண்ட சோழபுரம்

நுழைவாயிலின் தடையைப் பலகை வைத்துத் தாண்டியதும் அவர் கையை எடுத்துவிட்டார். புல்வெளிக்கு நடுவே கல் பாவிய பாதை. நானே உருட்டினேன். அவர் பக்கத்தில் நடந்தார்.

பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும், அவருடைய அம்மாவின் கண் பரிசோதனை, பத்தாம் வகுப்பில் எந்தப் பையன் இந்த முறை தேறுவான். இப்படி நடந்துகொண்டே பேசும் பேச்சுக்கு முகம் வேண்டும். அவர் பாதி சொல்லி நிறுத்தும்போது புருவத்தைப் பார்த்தால்தான் மீதி புரியும். பின்னாலிருந்து தள்ளும்போது அந்த மீதியெல்லாம் எனக்குக் கிடைக்காமல் போய்க்கொண்டிருந்தது என்று இங்கேதான் தெளிவாகத் தெரிந்தது. சொன்னேன். “எனக்கும்தான். உன் உச்சந்தலை மட்டும்தான் தெரியும்” என்றார். ஒன்பது ஆண்டுகளில் அவர் இதைச் சொன்னதே இல்லை.

தஞ்சை விமானம் நிமிர்ந்து நிற்கும். தந்தையின் கோயிலைப் பார்த்து இராசேந்திரன் கட்டிய இந்த விமானம் உட்குழிந்து வளைந்து ஏறுகிறது. வடபுறம் சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பத்தைக் கீழிருந்தபடியே நெடுநேரம் பார்த்தேன். ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து, “அத்தை, உங்கள் வண்டிக்குப் பிரேக் எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள். அவளுடைய அம்மா பதறி, வாயைப் பொத்தி இழுத்தார். விடுங்கள் என்று சொல்லி, பிரேக்கைப் போட்டும் எடுத்தும் காட்டினேன். அவளும் போட்டுப் பார்த்தாள். பிள்ளைகள் கேட்கட்டும். கேட்காமல் வளர்ந்தவர்கள்தான் பெரியவர்களானதும் என் கணவரிடம் என் பசியைப் பற்றிக் கேட்கிறார்கள்.

ஒன்றரை மணி நேரம் இருந்தோம். கிளம்பலாம் என்று தோன்றியபோது கிளம்பினோம். வழியில், வியாழக்கிழமை நிறுத்திய அதே உணவகத்தில் மீண்டும் நிறுத்தச் சொன்னேன். கழிப்பறை காலியாக இருந்தது, பூட்டு இல்லை, தரை கழுவியிருந்தது. அந்தப் பையனைத் தேடினேன். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாம்.

பிப்ரவரி 24, திங்கள்: சென்னை, மெரினா

பயணம் நேற்றே முடிந்துவிட்டது. தோள்பட்டை இரண்டும் வலித்தன, பள்ளிக்கு இன்றும் விடுப்பு. ஆனால் மாலை ஐந்து மணிக்கு அவராகவே சாவியை எடுத்தார்.

விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் மேல் கடலை நோக்கிப் போகும் மரப்பாதை. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். 2022 நவம்பரில் திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பெயர்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். அது பெயர்ந்த செய்தி வந்த அன்று நான் அழுதேன். அதுவரை ஒரு முறைகூடப் போயிருக்கவில்லை, ஆனாலும் அழுதேன். அடிபட்டதிலிருந்து கடல் எனக்குச் சாலையோரத்திலிருந்து தெரியும் ஒரு நீலக் கோடாகத்தான் இருந்தது. மணலில் முன்சக்கரம் புதைந்தால் நான்கு பேருக்கும் கடினம்.

பலகையைக் காரிலேயே விட்டுவிட்டோம். மரத்தின் மேல் சக்கரம் கடகடவென்று மெல்லிய சத்தத்தோடு ஓடியது. பாதி வழியில் எதிரே ஒரு முதியவர் சக்கர நாற்காலியில் வந்தார். அவருடைய மனைவி தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு நாற்காலிகளும் நின்று ஒதுங்காமல் ஒன்றையொன்று கடந்தன. அந்த அம்மா என் கையுறையைப் பார்த்து, “இது எங்கே கிடைக்கும்மா? இவருக்கும் தானாக உருட்ட ஆசை” என்று கேட்டார். கழற்றி அளவு பார்க்கக் கொடுத்தேன். பெரியவருக்குச் சற்று இறுக்கமாக இருந்தது. ஆனாலும் போட்டுக்கொண்டு நான்கு அடி தானே உருட்டிப் பார்த்தார். அந்த அம்மா கைகளைத் தொங்கவிட்டு, என்ன செய்வது என்று தெரியாதவர் போல ஒரு கணம் நின்றார். பிறகு சுற்றிவந்து அவர் பக்கத்தில் நடந்தார்.

முனையில் உப்புக்காற்று. அவர் சுண்டல் வாங்கி வந்தார், பொட்டலம் இருபது ரூபாய், மாங்காய்த் துருவல் தாராளம். அலையின் சத்தத்தில் சரியாகக் கேட்காததால் இருவரும் முகத்தை முகத்துக்கு அருகே கொண்டு போய்ப் பேசிக்கொண்டிருந்தோம். திரும்பிச் சாலைப் பக்கம் வந்தபோது விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

“இன்னொரு முறை போய்வரலாமா?” என்று கேட்டார்.

நாற்காலியைத் திருப்பினேன்.